பாம்பனுக்கு எத்தனை எழுத்து தெரியுமா?

பா, ம், ப, ன். நான்கு எழுத்து! மண்டபம் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும். இதே கேள்வியை உலகத்தின் பேர்பெற்ற தரவுத்தளங்களில் ஒன்றான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிடம் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) கேட்டுப் பாருங்கள். நீளம் என்ன என்றால் 7 என்கிறது! எத்தனை பைட் என்றால் 21 என்கிறது! அதன்மேல் தப்பே இல்லை. யூனிகோடு முறையில் ‘ப’ தனி, துணைக்கால் தனி, ‘ம’ தனி, அதன் தலையில் உள்ள புள்ளி தனி. அது அந்தத் துண்டுகளை எண்ணுகிறது, நாம் எழுத்தை எண்ணுகிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், ஆக 21.

சரி, அவ்வளவு பெரிய தரவுத்தளத்துக்கு நம் எழுத்தெண்ணும் வித்தையைக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும்! அதுவும் பரமக்குடியிலோ கீழக்கரையிலோ கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குத் தெரிந்த பைத்தான் மொழியிலேயே, ஒற்றை வரியில்! யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகைப்பெயர் உண்டு. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் ‘ஒட்டுக்குறி’ என்ற வகையில் அடங்கும். ஒட்டுக்குறி அல்லாதவற்றை மட்டும் எண்ணு என்று பைத்தானுக்குச் சொன்னால் போதும், பாம்பனுக்கு 4 வந்துவிடும்! க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் தனியே கவனிக்க வேண்டும், ஒரே எழுத்தாகப் பார்க்கப்படும் இவற்றை அந்த ஒற்றை வரி இரண்டாக எண்ணிவிடும். எழுத்தாகப் பிரிக்க ஆயத்த வழியும் இருக்கிறது. முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்துவரும் ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவச பைத்தான் நூலகம் ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். சர்வரில் அதை நிறுவிவிட்டால் தரவுத்தளத்துக்குள் இருந்தபடியே அழைத்துக்கொள்ளலாம்.

தரவுத்தளத்துக்குள் இருந்தபடியே! இந்த இடத்தில்தான் எனக்கு வியப்பு தாளவில்லை. பைத்தான் நிரல் வெளியே எங்கோ ஓடித் தரவை வாங்கி வந்து கணக்குப் போடுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் சர்வரின் வயிற்றுக்குள்ளேயே பைத்தான் இயங்குகிறது! தரவு கிடக்கும் இடத்துக்குக் கணக்கு போகிறது. படகில் வந்த மீனையெல்லாம் மதுரை வரை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் எடை பார்த்துவிட்டு, எடையை மட்டும் போனில் ராமேஸ்வரத்துக்குச் சொல்வார்களா? ஏலம் நடக்கும் கரையிலேயே தராசை வைப்பார்கள். அதேதான் இது. லட்சம் வரிகளை வலைவழியே இழுத்து வந்து எண்ணுவதைவிட, எண்ணும் சிறு நிரலை, அதாவது ஃபங்ஷனை, லட்சம் வரிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது எத்தனை சுருக்கமான வழி!

இந்த யோசனைக்கு வயது என்ன தெரியுமா? 1986-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் போஸ்ட்கிரெஸ் திட்டத்தைத் தொடங்கியபோதே, பயன்படுத்துகிறவர் தம் சொந்தத் தரவு வகைகளையும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் ஆணிவேர். எல்லாவற்றையும் நாங்களே எழுதித் தருகிறோம் என்று சொல்லாமல், கதவைத் திறந்து வைத்த மனிதர்! தரவுத்தளத் துறையில் செய்த பணிக்காக 2014-க்கான டூரிங் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 1998-இல் டிசிஎல் மொழி உள்ளே வந்தது. பிறகு பெர்ல் வந்தது, பைத்தான் வந்தது. புள்ளியியலுக்கான ஆர் மொழி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எனத் தனித் தொகுப்புகளாக இன்னும் எத்தனையோ.

நீங்கள் எழுதிய ஃபங்ஷன் எங்கே சேமிக்கப்படுகிறது தெரியுமா? ஒரு டேபிளில்! ஆமாம், மீன் விலையும் படகு எண்ணும் டேபிளில் இருப்பதுபோல, உங்கள் பைத்தான் நிரலும் போஸ்ட்கிரெஸின் உள்டேபிள் ஒன்றில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது! அதனால் பேக்கப் எடுத்தால் தரவோடு சேர்ந்து ஃபங்ஷனும் வந்துவிடும். இன்னொன்று கேளுங்கள்: ஒரு பரிவர்த்தனையின் நடுவில் ஃபங்ஷனை உருவாக்கிவிட்டு, ‘வேண்டாம், எல்லாவற்றையும் திரும்பப் பெறு’ என்று சொன்னால், ஃபங்ஷனும் பிறக்காததுபோல மறைந்துவிடும்! நிரலுக்கும் தரவுக்கும் ஒரே நியதி.

விகடகவியைத் திருப்பிப் போட்டால் என்ன வரும்? விகடகவிதான், அதில் என்ன சந்தேகம் என்பீர்கள். போஸ்ட்கிரெஸின் சொந்தத் திருப்பும் ஃபங்ஷனிடம் கொடுத்துப் பாருங்கள், வரவே வராது! அது துண்டு துண்டாகத் திருப்புவதால், கடைசி ‘வி’யின் கொக்கி முதலில் வந்து ஒட்ட எழுத்தில்லாமல் தொங்கும். இரு பக்கமும் ஒத்திருக்கும் அந்த அழகான சொல் உடைந்தே போகிறது! பைத்தானில் முதலில் எழுத்தாகப் பிரித்து, பிறகு திருப்பும்படி நாலு வரி எழுதிவிட்டால் விகடகவி மீண்டும் விகடகவியாகிவிடும்.

இதைவிடப் பெரிய அதிசயம் தனுஷ்கோடியில் இருக்கிறது! ‘கோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாகவும் வைக்கலாம். இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாக இரு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் முதல் தனுஷ்கோடி 27 பைட், இரண்டாவது தனுஷ்கோடி 30 பைட்! ஒருவர் ஒரு விதமாகத் தட்டச்சிட்டு, இன்னொருவர் மறு விதமாகத் தேடினால், ‘அப்படி ஓர் ஊரே இல்லை’ என்று தரவுத்தளம் கையை விரித்துவிடும். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊரைக் கணினியும் தொலைப்பதா? இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் வசதி பைத்தானின் கூடவே வரும் யூனிகோடு தொகுப்பில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கே அந்த ஆற்றல் வந்துவிட்டது. தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் யாரும், உள்ளே நுழையும் ஒவ்வொரு சொல்லையும் இந்த வாசலில் ஒரு முறை நிறுத்தி ஒழுங்குபடுத்த வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சரி, மீனுக்கு வருவோம். வாவல் முதலில் வருமா, வாளை முதலில் வருமா? விலையைக் கேட்கவில்லை, அகர வரிசையைக் கேட்கிறேன்! தமிழ் நெடுங்கணக்கில் ‘ய ர ல வ ழ ள’ என்று ‘வ’ முன்னால், ‘ள’ பின்னால். ஆகவே வாவல்தான் முதலில். ஆனால் யூனிகோடு எண் வரிசையில் ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வுக்கு முன்னே நிற்கின்றன. அந்த எண்களை மட்டும் நம்பி வரிசைப்படுத்தினால் வாளை முந்திக்கொள்ளும்! அது மட்டுமா, 18 மெய்களில் கடைசியான ‘ன’ அங்கே ‘ந’வுக்கு அடுத்த வீட்டில், ‘ப’வுக்கே முன்னால் குடியிருக்கிறது! ஒவ்வொரு எழுத்துக்கும் நெடுங்கணக்கில் உள்ள இடத்தை எண்ணாக மாற்றித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிவிட்டால் வரிசை சீராகிவிடும். போஸ்ட்கிரெஸின் 10-ஆம் பதிப்பு முதல் மொழிவாரி வரிசை விதிகளும் கிடைக்கின்றன. ஆனால் நாமே எழுதும் ஃபங்ஷனில் இன்னொரு வசதி இருக்கிறது. ‘ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடைதான்’ என்று உறுதிகூறி அறிவித்தால், அந்த ஃபங்ஷனின் விடைகளுக்கே இண்டெக்ஸ் போட்டு வைக்கலாம்! நீங்கள் எழுதிய பைத்தான் வரிகளின் விடை முன்கூட்டியே கணக்கிடப்பட்டு, தேடும் கணத்தில் தயாராக நிற்கும்.

‘௧௯௬௪’ என்று எழுதியதைப் படிக்க முடிகிறதா? 1964தான்! இதை எண்ணாக மாற்று என்று போஸ்ட்கிரெஸிடம் நேராகக் கொடுத்தால் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். பைத்தானோ தமிழ் இலக்கங்களை அப்படியே படிக்கிறது! தனியாக எதையும் கற்றுத்தர வேண்டாம், முழு எண்ணாக்கும் அதன் வழக்கமான கட்டளை போதும். இன்னும் பழைய முறைக்குப் போவோமா? ‘௲௯௱௬௰௪’. ஆயிரம், ஒன்பது நூறு, ஆறு பத்து, நாலு. இதுவும் 1964தான். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி கொண்ட இந்த முறையைப் பைத்தானின் எண்ணாக்கும் கட்டளை நேரடியாக ஏற்காது. ஆனால் ‘௰’ குறியின் மதிப்பு என்ன என்று அதன் யூனிகோடு தொகுப்பைக் கேட்டால், 10 என்று பதில் சொல்கிறது! பிறகென்ன, பெருக்கிக் கூட்டும் ஒரு சின்னச் சுழல்தானே பாக்கி. சேதுபதிகள் காலத்துச் செப்பேடுகளைப் பட்டியலிடுகிறவர் சக ஆண்டை மூலத்தில் உள்ளபடியே தமிழ் எண்ணில் பதிந்துவைக்கலாம். அதைப் படித்து, 78 கூட்டி, பொது ஆண்டைத் தோராயமாகச் சொல்லும் வேலையை ஃபங்ஷன் பார்த்துக்கொள்ளும். மூலமும் கெடாது, தேடுவதும் எளிது!

இனி வருவது விளையாட்டல்ல. உயிரோடு சம்பந்தப்பட்டது.

இந்தியாவும் இலங்கையும் 1974-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் பாக் நீரிணைப் பகுதியின் கடல் எல்லையை 6 புள்ளிகளால் வரைந்தது. புள்ளிகள் பாகை, கலை என்ற முறையில் எழுதப்பட்டவை. கச்சத்தீவை ஒட்டிய நான்காம் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்: வடக்கே 9 பாகை 21.80 கலை, கிழக்கே 79 பாகை 30.70 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. எனவே தசமத்தில் 9.3633, 79.5117. அவசரத்தில் யாரோ இதை 9.2180, 79.3070 என்று பதிந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? எல்லைப் புள்ளி 27 கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும்! நகர்ந்து எங்கே போய் நிற்கும்? பாக் நீரிணையிலேயே இராது. ராமேஸ்வரத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவுக்குள்! ஒரு வகுத்தலைத் தவறவிட்டதால் ஒரு கடலைத் தாண்டி இன்னொரு கடலுக்குள்!

எல்லைக் கோடு எங்கே என்று தெரிவதில்தான் ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் வீடுகளின் நிம்மதி இருக்கிறது. படகு கைப்பற்றப்படுவதும் மீனவர் சிறைப்படுவதும் இந்தக் கரைக்குச் செய்தித்தாள் விவகாரம் அல்ல, வீட்டு விவகாரம். அதனால் சொல்கிறேன், பாகை-கலையைத் தசமமாக்கும் கணக்கு ஒரே ஓர் இடத்தில் இருக்கட்டும். தரவுத்தளத்துக்குள் ஒரு ஃபங்ஷனாக இருக்கட்டும். கைப்பேசிச் செயலி, அலுவலகக் கணினி, இணையதளம் எது கேட்டாலும் அந்த ஒரே ஃபங்ஷன் பதில் சொல்லட்டும். கலை 60-ஐத் தொட்டால் ‘இது தவறு’ என்று அது உடனே மறுக்கட்டும். அதனுடன் படகுக்கும் எல்லைக் கோட்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லும் ஃபங்ஷனையும் சேர்க்கலாம். பூமி உருண்டை என்பதைக் கணக்கில் கொள்ளும் கோண வாய்பாடு பைத்தானில் சில வரிதான். பெரிய அளவில் வேண்டுமானால் போஸ்ட்கிஸ் என்ற வரைபடத் தொகுப்பு ஆயத்தமாகவே கிடைக்கிறது.

விதிகளையும் இப்படி உள்ளே குடிவைக்கலாம், தெரியுமா? கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன்னால் அது 45 நாளாக இருந்தது. பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று ஓர் ஏற்பாடு. 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. படகு, தேதி, இடம் மூன்றையும் பதியும் ஒரு டேபிள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரி நுழையும்போதும் தானே விழித்தெழும் ட்ரிகர் ஃபங்ஷனைப் பைத்தானில் எழுதிவிடலாம்! வந்த வரியை அது அப்படியே விடலாம், திருத்தி விடலாம், வாசலிலேயே நிறுத்தியும் விடலாம். விதி மாறினால் மாற்ற வேண்டியதும் ஒரே இடத்தில்தான். விசைப்படகுக்கு உள்ள விதி நாட்டுப்படகின் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் எழுதுகிறவருடையது. அதை நன்றாகத் தெரிந்தவர்கள் கரையில்தான் இருக்கிறார்கள்.

கரையில் இறங்கும் மீனை முழுக்க எடைபோடாமலே கடற்கரை முழுவதின் பிடிப்பையும் மதிப்பிடலாம் என்பது தெரியுமா? 1947-இல் தொடங்கப்பட்டு, 1971 வரை மண்டபத்தில் தலைமையகம் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கலையில் தேர்ந்தது! சில இறங்குதளம், சில நாள், சில படகு என்று முறையாக மாதிரி எடுத்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு கணிப்பை எழுதுகிறவருக்கு ஆர் மொழியையே போஸ்ட்கிரெஸுக்குள் வைத்துத் தந்திருக்கிறார் ஜோ கான்வே. புள்ளியியலுக்கென்றே பிறந்த மொழி, பிடிப்பு விவரம் கிடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போடும்!

இத்தனை சொன்னேன், எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸில் பைத்தானின் பெயர் ஏன் ‘நம்பத்தகாத’ என்பதைக் குறிக்கும் எழுத்தோடு முடிகிறது தெரியுமா? பைத்தான் கெட்டது என்பதால் அல்ல. பெர்ல், டிசிஎல் மொழிகளுக்கு வேலியிட்ட வடிவம் உண்டு. கோப்பைத் தொடாதே, வெளியே போகாதே என்று கட்டிப்போட முடியும். பைத்தானிலும் அப்படி ஒரு வேலி முன்பு இருந்தது. அது பாதுகாப்பானதல்ல என்று தெரிந்ததும் 2003-இல் வந்த 2.3 பதிப்பில் பைத்தான்காரர்களே அதைச் செயலிழக்க வைத்தார்கள். ஆக, பைத்தான் ஃபங்ஷன் நினைத்தால் சர்வரின் கோப்புகளைப் படிக்கும், அழிக்கும், வலையில் வெளியேயும் போகும்! அதனால்தான் அதை எழுதும் உரிமை தலைமைப் பயனருக்கு மட்டும். எழுதி வைத்ததை மற்றவர்கள் அழைக்கத் தடையில்லை. கோப்பும் வலையும் தேவைப்படாத கணக்குக்குப் பெர்லையோ, போஸ்ட்கிரெஸின் சொந்த மொழியையோ எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

இன்னோர் எச்சரிக்கை: எடை எழுதாமல் விட்ட வெற்றுக் கட்டம் பைத்தானுக்குள் ‘எதுவுமில்லை’ என்ற மதிப்பாகத்தான் போகும், சுழியமாக அல்ல. மீன் கிடைக்காத நாளும் எடை பதியாத நாளும் ஒன்றல்லவே!

சர்வரே இல்லாமலும் இதெல்லாம் செய்யலாம் தெரியுமா? அதற்கு ஒரு போர்க்கப்பலின் கதையைக் கேட்க வேண்டும்! ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கப் பொறியாளர் ‘ஆஸ்கர் ஆஸ்டின்’ என்ற நாசகாரிக் கப்பலுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுத்தள சர்வர் படுத்துவிட்டால் மென்பொருளும் படுத்துவிடும். சர்வரே வேண்டாமே, கோப்பிலிருந்து நேரே படித்தால் என்ன என்று தோன்றியது. 2000-இல் பிறந்தது எஸ்கியூலைட்! அது முதலில் டிசிஎல் மொழிக்கான ஒட்டுத்தொகுப்பாகத்தான் பிறந்தது. ஸ்கிரிப்ட் மொழியின் மடியில் பிறந்த தரவுத்தளம்! இன்று எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அது இருக்கிறது. வாட்ஸாப் செய்திகள் போனில் அதற்குள்தான் சேமிக்கப்படுகின்றன. கப்பலுக்காக நினைத்தது இப்போது பாம்பன் நாட்டுப்படகில் சட்டைப்பைக்குள் மிதக்கிறது!

பைத்தானை நிறுவினாலே எஸ்கியூலைட்டும் கூட வந்துவிடுகிறது. 2006-இல் வெளிவந்த 2.5 பதிப்பிலிருந்து அப்படித்தான். ஒரு பைத்தான் ஃபங்ஷனை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துப் பதிவுசெய்தால், அடுத்த நொடியே எஸ்கியூஎல் கட்டளைக்குள் அதை அழைக்கலாம். பழைய மடிக்கணினி போதும், இணையம்கூட வேண்டாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷன் தரவுத்தளத்திலேயே தங்கிவிடும். எஸ்கியூலைட்டில் இணைப்பை மூடியதும் போய்விடும், அடுத்த முறை மீண்டும் பதிவுசெய்ய வேண்டும். கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான இடம் வேறில்லை!

ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது தெரியுமா? போஸ்ட்கிரெஸ் ஏற்கும். 2008-இல் வந்த பைத்தான் 3-உம் ஏற்கும்! ‘எழுத்து_எண்ணிக்கை’ என்றே பெயரிடுங்கள், 49 பைட். போஸ்ட்கிரெஸின் வரம்பு 63 பைட். தமிழில் அது 21 துண்டுக்குத்தான் காணும், அதற்குமேல் போனால் வாலை வெட்டிவிடும். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு 63 எழுத்து, நமக்கு அதில் மூன்றிலொரு பங்கு துண்டுகள்தான்! பெயரைச் சுருக்கமாக வையுங்கள்.

புதிய மொழியையே யார் வேண்டுமானாலும் போஸ்ட்கிரெஸுக்குள் கொண்டுவரலாம்! மொழியைப் புரிந்துகொள்ளும் ‘கையாளி’ ஒன்றை சி மொழியில் எழுதிக்கொடுத்தால் போதும். பூனைப் படங்களின் கொச்சைப் பேச்சை வைத்து வேடிக்கைக்காக உருவான லோல்கோடு என்ற மொழியைக்கூட ஒருவர் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்! அப்படியென்றால் தமிழ் ஏன் கூடாது? முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற நிரல்மொழியில் ‘நிரல்பாகம்’, ‘பின்கொடு’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்று கட்டளைகளே தமிழில்தான். அந்த எழிலின் இயக்கியே பைத்தானில் எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள்! போஸ்ட்கிரெஸுக்குள் பைத்தான் ஓடும். பைத்தானுக்குள் எழில் ஓடும். சி மொழியில் கையாளி எழுதும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். எழில் நிரலை உரையாக வாங்கி, ஓட்டி, விடையைத் திருப்பித் தரும் ஒரு பைத்தான் ஃபங்ஷனை எழுதிப் பார்க்கலாம். ‘61 நாள் தடைக்காலத்தில் இந்தத் தேதி விழுகிறது ஆனால், பின்கொடு’ என்கிற பாணியில் ஒரு விதியைக் கீழக்கரைப் பள்ளிப் பிள்ளை தமிழிலேயே எழுதி, தரவுத்தளத்தை அதன்படி நடக்கச் செய்ய இனி வேண்டியது ஒரு மடிக்கணினியும், உட்கார்ந்து செய்ய ஒரு விடுமுறையும்தான்!